மில்டன் வெட்டாமல் விட்ட நான்கு ஏக்கர்

மில்டன் வோத்ரூபா அதிகம் பேசாதவர். ஒரே அலுவலகத்தில் முப்பது வருடம் அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்துவைத்தால் ஒரு மதியப்பொழுதுக்குக் காணாது. நான் ஊர் மன்றத்தின் பொதுப்பணிப் பிரிவில் குமாஸ்தா. யார் எந்தக் குழியை அடைக்க வேண்டும், எந்தத் தெருவில் விழுந்த மரத்தை அறுக்க வேண்டும், எங்கே புல் வெட்ட வேண்டும் என்று காலையில் மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சாயங்காலம் சீட்டுகள் திரும்பி வரும். மில்டனின் சீட்டுகளில் ‘முடிந்தது’ என்ற ஒரு சொல் மட்டும், எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாமல், பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல இருக்கும்.

எங்கள் ஊர் ஃபென்டன் குரோவ். சிகாகோவிலிருந்து தென்மேற்கே ரயிலில் நாற்பது நிமிடம். மில்டன் பிறந்தது நகரத்துக்குப் பக்கத்தில், சிசரோவில். அப்பா தொலைபேசிக் கருவி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் உழைத்தவர். மில்டன் பட்டாளத்தில் இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தார், ஒரு லாரி நிறுவனத்தில் கொஞ்ச நாள் ஓட்டினார், அது மூடியபிறகு 1970இல் எங்களிடம் சேர்ந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஒரு பெண்ணோடு நிச்சயமாகி, அவள் கலிஃபோர்னியாவுக்கு வேலைக்குப் போய், பிறகு கடிதம் எழுதாமல் விட்டுவிட்டாள் என்று கேள்வி. அவர் அதைப்பற்றிச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மூன்று வயது மூத்தவளான அக்கா பெர்னீஸ் விவாகரத்து ஆனபின் அவரோடு வந்து தங்கினாள். அவள் ரொட்டிக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். மில்டன் பேசாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவள் பேசித் தீர்த்தாள்.

பம்ப் நிலையத்துக்குப் பின்னால் ஊருக்குச் சொந்தமான ஒரு முக்கோணத் துண்டு நிலம் இருந்தது. ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் ஓடை, மூன்றாவது பக்கம் கார்வர் தெரு. நான்கு ஏக்கர். எங்கள் ஏட்டில் அதற்கு ஆறாம் துண்டு என்று பெயர். ஊரில் எந்த இடத்திலும் புல் பத்து அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்பது விதி. ஆகவே ஜூனில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை ஆறாம் துண்டுக்குச் சீட்டு எழுதுவேன். மில்டன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்ச் சிரைத்துவிட்டு வருவார். அங்கே என்ன முளைக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கும் அளவுக்கு எதுவும் வளர விட்டதில்லை.

1993இல் அந்தப் பழக்கம் முறிந்தது. அந்த வருடம் மழை ஓயவே இல்லை. மிசிசிப்பி கரை தாண்டி ஊர் ஊராக விழுங்கியது. ஜூன் கடைசியில் ஆறாம் துண்டின் மூலையில், மண்ணுக்குள் கிடந்த பழைய தண்டவாளத் துண்டில் மோதி வெட்டு யந்திரத்தின் கியர் பெட்டி உடைந்தது. அதற்கு மாற்றுப் பாகம் செய்கிற தொழிற்சாலை அயோவாவில். அங்கே இடுப்பளவு தண்ணீர். பத்து வாரம் பாகம் வரவில்லை. எங்கள் ஆட்களெல்லாம் நிலவறைகளில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். புல்லைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் பாகம் வந்து, யந்திரத்தைப் பூட்டினார்கள். நான் ஆறாம் துண்டுக்குச் சீட்டு எழுதினேன். மில்டன் எட்டு மணிக்குப் போனார். பத்தரைக்குத் திரும்பி வந்தார். டிராக்டர் சக்கரத்தில் ஒரு புல் துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை.

“என்ன மில்ட், அதுக்குள்ள முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இல்ல. மண்ணு ஈரமா இருக்கு. வண்டி புதையும்.”

“பத்து நாளா மழையே இல்லையே?”

“அடியில ஈரம்,” என்றார்.

சீட்டில் அதையே எழுதினார். இருபத்திமூன்று வருடத்தில் ‘முடிந்தது’ அல்லாத சொல் அவர் சீட்டில் வந்தது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கோப்பில் செருகிவிட்டு மறந்துபோனேன்.

அன்று நடந்ததைப் பல வருடம் கழித்து, கேட்டபோது மட்டும், துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். தெருப்பக்கமாக டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தி, வெட்டு யந்திரத்தை இறக்கக் கையை வைத்தார். எதிரே நின்ற புல் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரின் தோளுக்கு வந்தது. செம்பு நிறத் தண்டு, உச்சியில் மூன்று விரலாகப் பிரிந்த கதிர். வான்கோழிக்கால் என்று எங்கள் பக்கம் சொல்லும் புல் அது. அதன் நடுவே மஞ்சள் கதிர்ப்பூக்கள், ஊதா ஆஸ்டர்கள், தரையில் நட்டுவைத்த தூரிகைகள் மாதிரி இளஞ்சிவப்பு நெடும்பூக்கள். அந்தத் தூரிகை ஒவ்வொன்றிலும் நாலைந்து மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இஞ்சின் சத்தத்தில் அவை பறக்கவில்லை. தெற்கே மெக்சிகோ வரை போக வேண்டிய பூச்சிகள், தின்பதில் மும்முரமாக இருந்தன. மில்டன் இஞ்சினை அணைத்தார். அணைத்தபிறகுதான் அந்த இடத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்ததாம். வெட்டுக்கிளிகள், சிள்வண்டுகள், புல்லின் மேல் புல் உரசுவது. காய்ந்த விதைத்தலைகளில் மஞ்சள் சிட்டுகள் தலைகீழாகத் தொங்கிக் கொத்திக்கொண்டிருந்தன. ஒரு பச்சைத் தும்பி வந்து டிராக்டர் விளக்கின்மேல் உட்கார்ந்தது.

“அப்புறம் என்ன பண்ணினே?” என்று கேட்டேன்.

“உக்காந்திருந்தேன்.”

“ரெண்டு மணி நேரமா?”

“அவ்வளவு நேரமாச்சா?” என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவர் வழக்கமாக உட்காரும் மேசையில் ஆள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் எனக்குத் தொலைபேசி வந்தது. பெர்னீஸ்.

“யாருய்யா அவ?” என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

“எவ?”

“என் தம்பிய வளைச்சுப் போட்டிருக்கிறவ. சாப்பாட்டு டப்பா தொடாம திரும்பி வருது. பேன்ட்டு முழுக்க மஞ்சப் பொடி. காலுறையில ஒட்டுமுள்ளு. அம்பத்தஞ்சு வயசுல காட்டுக்குள்ள எவளோடயோ சுத்திட்டிருக்கான். உங்க ஆபீஸ்ல தெரியாம இருக்காது, சொல்லு.”

எனக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த நாள் பதினொன்றரைக்கு, வேலை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்கு வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் அலுவலக வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு மில்டனின் லாரியைத் தேடினேன். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. பம்ப் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றது.

புல்லுக்குள் ஒரு ஆள் நுழைந்து போன வழி தெரிந்தது. பெர்னீஸ் முன்னால் போனாள். பத்துப் பன்னிரண்டு தும்மல் தும்மினாள், ஒவ்வொரு தும்மலுக்கும் நடுவில் திட்டினாள். ஓடையோரமாக, கொஞ்சம் தாழ்வான இடத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மில்டன் உட்கார்ந்திருந்தார். முழங்கால் உயரத்தில் ஒரு செடி. அதன் தலையில் நீல மொட்டுகள் கொத்தாக. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், வாய் இறுக மூடி, கழுத்து வரை மையில் முக்கி எடுத்ததுபோல அடர்ந்த நீலம்.

“எங்கடா அவ?” என்றாள் பெர்னீஸ்.

“உஷ்,” என்றார் மில்டன். “நாலு நாளா இது பூக்கும்னு பாத்துட்டிருக்கேன்.”

“என்னது?”

“இந்த மொட்டு. திறக்க மாட்டேங்குது. நேத்தே திறந்திருக்கணும்.”

பெர்னீஸ் என்னைப் பார்த்தாள். நான் ஓடையைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு தடித்த தேனீ வந்தது, மயிர் அடர்ந்தது, கறுப்பும் மஞ்சளுமாக, வழக்கமான தேனீயைப் போல மூன்று மடங்கு. மொட்டின் உச்சியில் இறங்கி, மூடிய வாயில் தலையைக் கொடுத்து நெம்பியது. முன்கால்களால் விலக்கியது. தலை உள்ளே போயிற்று, தோள் போயிற்று, பின்கால்கள் மட்டும் வெளியே உதைத்தன, பிறகு அதுவும் போயிற்று. மொட்டு மூடிக்கொண்டது. உள்ளே ரீங்காரம், செடி குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கமாக வெளியே வந்து, பக்கத்து மொட்டுக்குத் தாவி, அதையும் நெம்பத் தொடங்கியது.

பெர்னீஸ்தான் முதலில் பேசினாள்.

“சாத்தின கடைக்குள்ள பூந்து வாங்கிட்டுப் போறா பாரு.”

“அப்போ இது திறக்கவே திறக்காது,” என்று மெதுவாகச் சொன்னார் மில்டன். “இதான் பூ. இப்படித்தான் இருக்கும்.”

“நாலு நாளு காவலிருந்து இதைக் கண்டுபிடிச்சியாக்கும்,” என்றாள் பெர்னீஸ். ஆனால் உடனே கிளம்பவில்லை. அன்று ரொட்டிக்கடைக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனாள். போகும்போது என்னிடம், “பொம்பளையா இருந்திருந்தாத் தேவல. சமையலாவது செஞ்சு போட்டிருப்பா,” என்றாள்.

அந்த வருடம் மில்டன் நவம்பரில், உறைபனி விழுந்து எல்லாம் காய்ந்து விதை கொட்டியபிறகு, ஆறாம் துண்டை வெட்டினார். சீட்டில் ‘முடிந்தது’ என்று எழுதினார்.

அடுத்த வருடம் ஜூன் சீட்டு திரும்பி வந்தது: மண் ஈரம். ஆகஸ்ட் சீட்டும் திரும்பி வந்தது: மண் ஈரம். அது சொட்டு மழை இல்லாத ஆகஸ்ட். மன்றக் கட்டடத்து முன்புல் கருகிக் கிடந்தது. நான் சீட்டையும் அவரையும் பார்த்தேன்.

“அடியிலயா?” என்றேன்.

“ஆமா, ரொம்ப அடியில,” என்றார். சிரிப்பு இல்லை. நான் கோப்பில் வைத்தேன். நான் செய்ததும் தவறுதான்.

கார்வர் தெருவில் லாவோன் ஷுல்ட்ஸ் என்று ஒரு அம்மாள். அவருடைய வீட்டு முன்புல் மேசைவிரிப்புபோல இருக்கும். அவர் புகார் எழுதினார். எதிரே காடு மண்டிக் கிடக்கிறது, எலி வரும், பாம்பு வரும், வீட்டு மதிப்பு போகும் என்று இரண்டு பக்கம். மேற்பார்வையாளர் டெவ்லின் அதை எடுத்துக்கொண்டு மில்டனிடம் வந்தார். டெவ்லின் கெட்ட மனிதரல்ல. புகார் வராமல் ஓய்வு பெற வேண்டும் என்ற ஒரே ஆசை உள்ளவர்.

“என்னய்யா மில்ட், ஆறாம் துண்டு என்ன ஆச்சு? நாளைக்குக் காலையில வெட்டிடு.”

“வெட்டுறேன்,” என்றார் மில்டன்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

மறுநாள் போய் வெட்டினார். எப்படி வெட்டினார் என்றால், தெரு ஓரமாக எட்டடி அகலத்துக்கு மழமழவென்று ஒரு பட்டை. முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் அதேபோல ஒரு பட்டை. ஓரங்களைக் கைக்கத்தரியால் நேர் பிடித்திருந்தார். நடுவே வளைந்து நெளிந்து போகிற ஒரு ஒற்றையடிப் பாதை. மற்றது அப்படியே. முடிதிருத்துபவர் காதோரம் வழித்துவிட்டுத் தலையில் கை வைக்காமல் விட்டதுபோல இருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் பழைய பலகையில் ஒரு பெஞ்சு செய்து போட்டார்.

ஒரு வாரம் கழித்து ஷுல்ட்ஸ் அம்மாள் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். நான்தான் எடுத்தேன்.

“ஒருவழியா அந்த இடத்தை யாரோ கவனிக்க ஆரம்பிச்சிருக்காங்க, ரொம்ப சந்தோஷம்,” என்றார். “பூவெல்லாம் அழகா இருக்கு. எப்போ நட்டீங்க?”

நட்டவர் யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்த செப்டம்பரில் யூனிஸ் ப்ரூவர் வந்தார். நகரத்தின் தெற்குப் பகுதிக்காரர், சமுதாயக் கல்லூரியில் உயிரியல் ஆசிரியை, ஐம்பது வயதுக்குக் கிட்ட. தினமும் அந்த ரயிலில் போய்வருகிறவர். சன்னல் வழியாக நான்கு வினாடி தெரியும் அந்தச் செம்பு நிறம் என்ன என்று மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் எங்கள் நிலையத்தில் இறங்கிப் பின்னோக்கி நடந்து வந்துவிட்டார். மில்டன் வாளிமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“இது யார் இடம்?” என்று கேட்டாராம்.

“ஊரோடது. நான் புல்லு வெட்டுறவன்.”

யூனிஸ் ஒரு மணி நேரம் முழங்காலில் ஊர்ந்தார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனார். ஒரு செடியின் அகன்ற இலைகளைக் காட்டி, அவை வடக்கும் தெற்குமாகவே நிற்கும், பழங்காலத்து ஆட்கள் அதை வைத்துத் திசை பார்த்தார்கள் என்றார். மோனார்க்கின் புழு தின்னும், எருக்கம்பால் போலப் பால் வடியும் செடியைக் காட்டினார். கடைசியில் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்:

“இந்த மண்ணுல ஏர் பட்டதே இல்ல, தெரியுமா? நூத்தி நாப்பது வருஷம் முன்னாடி ரயில்காரங்க வேலி போட்டுட்டாங்க, அதனால தப்பிச்சிருக்கு. இந்த வேர் எல்லாம் பத்தடி ஆழம் போகும். சில செடிக்கு உங்க தாத்தா வயசு இருக்கும். இந்த மாநிலமே இப்படித்தான் இருந்துச்சு. இப்போ ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல.”

மில்டன் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

“நான் இதை இருபத்திமூணு வருஷம் வெட்டியிருக்கேன்,” என்றார். “வருஷத்துக்கு மூணு தடவை.”

இதை எனக்குச் சொன்னது யூனிஸ். அந்த ஆள் முகம் வெளுத்துப்போயிற்று, ஒரு குழந்தையை லாரியில் அடித்துவிட்டதாகச் சொல்வதுபோலச் சொன்னார் என்றார்.

யூனிஸ் பொய் ஆறுதல் சொல்லும் ரகமில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் வெட்டாத நிலத்தில், முள்மரமும் புதரும் பின்னிக்கொண்டு கிடந்தன. அதன் அடியில் ஒரு புல் கிடையாது.

“அதைப் பாருங்க,” என்றார். “அதுவும் ஒரு காலத்துல இதே மாதிரி இருந்திருக்கும். நெருப்பு வெச்சாத்தான் மரம் வராது, யாரும் வைக்கல. நீங்க வெட்டலன்னா இதுவும் அப்படித்தான் போயிருக்கும்.”

“அப்போ நான் பண்ணது நல்லதா, கெட்டதா?”

“ரெண்டும்தான்,” என்றார் யூனிஸ். “இருபத்திமூணு வருஷம் பூக்க விடல. இருபத்திமூணு வருஷம் சாக விடல.”

மில்டனுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பெர்னீஸோடுகூடப் பேசவில்லை. அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அந்த ரயில் பொம்பள என்ன சொன்னா? இவன் சூப்பைக் கூட உப்பில்லாமக் குடிச்சிட்டு எழுந்திரிக்கிறான்,” என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். “அவனுக்கு எவன் சீட்டு எழுதிக் குடுத்தான்?” என்றாள். நான்தான் என்றேன். “அப்போ பாதி உன் தலையில. அவன்கிட்ட வந்து சொல்லு,” என்று வைத்துவிட்டாள். நான் போய்ச் சொன்னேன். மில்டன் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பியர் கொடுத்தார். இரண்டு பேரும் தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்தோம்.

யூனிஸ் அந்தக் குளிர்காலம் முழுக்க மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். ஆறாம் துண்டைப் பத்து அங்குல விதியிலிருந்து விலக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1995 ஆகஸ்டில் விஷயம் கூட்டத்துக்கு வந்தது. வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நாற்பது பேர். அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்று நினைத்த உறுப்பினர் ஒருவர் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொன்றாகப் படித்தார்.

“போன வருஷம் ஜூன், மண் ஈரம். ஆகஸ்ட், மண் ஈரம். போன ஆகஸ்ட்ல மொத்த மழை எவ்வளவுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? நாம தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு தடை போட்டோம்! மிஸ்டர் வோத்ரூபா, மண்ணு ஈரமா இருந்துச்சா?”

மில்டன் எழுந்தார். தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தார்.

“இல்ல. பொய்,” என்றார்.

“ஏன் பொய் எழுதினீங்க?”

“பூத்திருந்துச்சு.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து பெர்னீஸ், “பொய் சொல்லக்கூடத் தெரியலடா உனக்கு, வறட்சியில ஈரம்னு எழுதுவாங்களா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அதற்குப் பிறகு யூனிஸ் பத்து நிமிடம் பேசினார். ஷுல்ட்ஸ் அம்மாள் எழுந்து, எதிரே கார் நிறுத்துமிடம் வந்தால் தான் இன்னும் பெரிய புகார் எழுதப்போவதாகச் சொன்னார். வாக்கெடுப்பில் ஆறு உறுப்பினர்களும் மூன்றுக்கு மூன்று பிரிந்தார்கள். தீர்மானிக்க வேண்டியவர் தலைவர். அவர் சவ அடக்க நிலையம் நடத்துபவர், அவசரமே காட்டாதவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆறாம் துண்டை விலக்கலாம் என்றார், பொய்ச் சீட்டுக்கு மிஸ்டர் வோத்ரூபாவை மூன்று நாள் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்றும் சொன்னார். காரணம் எதற்கும் சொல்லவில்லை.

மூன்று நாளை எப்போது எடுத்துக்கொள்வது என்று டெவ்லின் மில்டனிடமே விட்டுவிட்டார். செப்டம்பர் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எழுதிக் கொடுத்தார் மில்டன்.

எனக்கு எதுவும் ஆகவில்லை. கோப்பில் வைத்தவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாக எழுந்து சொல்லவும் இல்லை.

அதன்பிறகு பெரிய விஷயமென்று ஒன்றும் நடக்கவில்லை. வசந்தகாலத்தில் யூனிஸ் பயிற்சி பெற்ற ஆட்களைக் கூட்டிவந்து காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைப்பார். அன்றைக்கு மட்டும் மில்டன் அந்தப் பக்கம் வர மாட்டார். அவசியம் என்று தெரியும், ஒத்துக்கொள்வார், ஆனால் வீட்டில் உட்கார்ந்து சன்னலைச் சாத்திக்கொள்வார். பதினைந்து நாளில் கரியிலிருந்து பச்சை எழும்பியபிறகு வருவார். ஓடைக்கு அப்பாலிருந்த முள்மரங்களை இரண்டு குளிர்காலத்தில் தனியாகவே அறுத்துத் தள்ளினார். அங்கே விதைத்தது பாதி முளைத்தது, பாதி முளைக்கவில்லை.

2001இல் ஓய்வு பெற்றார். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஆறாம் துண்டில் மக்களை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று யூனிஸ் அவரைப் பிடித்துவைத்தார். இவரா, எப்படிப் பேசுவார் என்று எங்களுக்குச் சந்தேகம். பேசவில்லைதான். முன்னால் நடப்பார், நிற்பார், விரலை நீட்டுவார். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வருடம் முப்பது பேர் வந்தார்கள், சில வருடம் நாலு பேர். முடிவில் பெர்னீஸ் கசகசா வைத்த கோலாச்சி பன்களை ஒரு தட்டில் கொண்டுவருவாள். பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்பது அவள் கட்சி.

2007இல் ஆறு பேர் வந்தார்கள். வானம் மூடியிருந்தது. மில்டனுக்கு அப்போது மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. பாதையில் மூன்று இடத்தில் நின்று, எதையோ காட்டுவதுபோல விரலை நீட்டி இளைப்பாறினார். நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்:

“உங்களுக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பூ எது, மிஸ்டர் வோத்ரூபா? அந்த நீலப் பூவா?”

எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தோம். அவர் யோசித்தார்.

“பூ இல்ல. அந்தப் புல்லு,” என்றார். “காத்து வரட்டும், கேளுங்க.”

காற்று வரவில்லை. பத்துப் பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் ரயில் பாதைப் பக்கமிருந்து அது வந்தது. ஒரு பூனைப்பருந்து, பழுப்பு நிறப் பெட்டை. புல்லின் தலைக்கு ஒரு முழம் மேலே, இறக்கையைச் சற்றே தூக்கிப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து மிதந்து வந்தது. வாலின் அடியில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. எங்களுக்கு இருபதடி முன்னால் ஒரு கணம் நின்றாற்போல நின்று, புல்லுக்குள் விழுந்தது. கீச்சென்று ஒரு சத்தம். எழும்பியபோது காலில் வயல் எலி. எங்களைச் சட்டைசெய்யாமல் ஓடையைத் தாண்டிப் போயிற்று.

நகரத்துப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“பாவம் எலி,” என்றாள்.

“அந்த ஷுல்ட்ஸ் அம்மா இருந்திருந்தா கைதட்டியிருப்பா,” என்றாள் பெர்னீஸ்.

மில்டன் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது குறைவு. சிரிப்பு இருமலாக மாறி, பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாலு வருடத்தில் அந்தப் பறவை அங்கே இறங்கியது அதுதான் முதல் தடவை என்று யூனிஸ் நோட்டில் எழுதிக்கொண்டார். இவ்வளவு சின்ன இடத்துக்கு அது வராதாம், பெரிய வெளி வேண்டுமாம். பிறகு தூறல் விழுந்தது. பன் தட்டைக் காருக்குள் வைத்து நின்றபடியே தின்றோம். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மில்டன் அடுத்த பிப்ரவரியில் இறந்தார், இதயம். சிசரோவில் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மன்றத்தார் ஆறாம் துண்டுக்கு அவர் பெயரை வைக்க விரும்பினார்கள். பெர்னீஸ் ஒத்துக்கொண்டாள், ஆனால் பலகை வந்தபோது அதில் வோத்ரூபா என்பதில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. திருப்பி அனுப்பினாள். புதிய பலகை இன்னும் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமை நடையை யூனிஸ் நடத்துகிறார். நிறையப் பேசுகிறார், மக்களுக்குப் பிடித்திருக்கிறது. நான் போவதுண்டு. பெர்னீஸ் வந்தால் பன் இருக்கும், வராவிட்டால் இல்லை.